ஒரு வயதுக் குழந்தைக்குச் சர்க்கரை சேர்க்காத கேக்: ஏன் ரப்பர் போல ஆகிறது, எப்படிச் சரிசெய்வது?

அடுத்த மாதம் உங்கள் குழந்தைக்கு ஒரு வயது நிறைகிறது என்றும், கடைக் கேக் வேண்டாம் என்று முடிவுசெய்து, முழுக் கோதுமை மாவில், சர்க்கரைக்குப் பதில் தேனும் வெண்ணெய்க்குப் பதில் ஆப்பிள் மசியலும் சேர்த்து ஒத்திகையாக ஒரு கேக் செய்து பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். மேலே நன்றாகச் சிவந்த அந்தக் கேக் உள்ளே பிசுபிசுவென்றும், மென்றால் ரப்பர் போலவும் இருந்தது என்று சொல்கிறீர்கள். கேக்கில் நிறம் சேர்க்கலாமா, முட்டை கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் செய்த மூன்று மாற்றங்களில் மாவை மாற்றியது மட்டுமே குழந்தைக்குப் பயனுள்ளது. வெண்ணெயைக் குறைத்தது தேவையற்றது. தேனைச் சேர்த்ததைப் பற்றி, மற்ற எதற்கும் முன்னால், சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும். வளர்ந்தவர்களின் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வித்துகளை முளைக்க விடுவதில்லை. ஆனால் குடல் இன்னும் பக்குவப்படாத குழந்தைக்குள் அவை முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கக்கூடும். ஓவனில் வேகும்போது வித்துகள் இறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கேக்கின் நடுப்பகுதி எவ்வளவு வெந்தாலும் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. இந்த வித்துகளை அழிக்க அழுத்தத்துடன் கூடிய 121 டிகிரி வெப்பம் வேண்டும். ஒத்திகைக் கேக்கில் ஒரு துண்டைக் குழந்தைக்குக் கொடுத்திருந்தால் பதற வேண்டாம், இந்த நோய் அரிதானது. ஆனால் அடுத்த நான்கு வாரங்களுக்குக் குழந்தையைக் கவனித்து வாருங்கள். வழக்கத்துக்கு மாறான மலச்சிக்கல், பால் குடிப்பதில் சோர்வு, மெலிந்த அழுகுரல், இமை சரிதல், கழுத்தும் கைகால்களும் துவளுதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். தேன் கலந்த உணவு கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிறந்தநாளுக்குப் பிறகு இந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது என்றாலும், தேனைச் சர்க்கரைக்கு மாற்றாக நான் சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையையும் நாம் கரண்டியால் அள்ளிப் போடும் சர்க்கரையையும் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை, இரண்டு வயது நிறையும்வரை சேர்க்கப்பட்ட சர்க்கரை வேண்டவே வேண்டாம் என்கிறது. பழுப்புச் சர்க்கரை, சுத்திகரிக்காத சர்க்கரை, மேப்பிள் சிரப் என்று பெயரும் நிறமும் மாறினாலும் குழந்தையின் உடலுக்குள் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான். செயற்கை இனிப்பூட்டிகளையும், வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடிய சைலிட்டால் போன்றவற்றையும் இந்த வயதுக்கு அறவே தவிர்த்துவிடுங்கள்.

எஞ்சியிருப்பது முழுப்பழம். நன்கு கனிந்த வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் நார்ச்சத்துடன் சேர்ந்தே இனிப்பைத் தருகின்றன. இதிலும் ஒரு அளவு வேண்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை. பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையே. அது பல்லில் ஒட்டும். பழத்தைக் கூழாக அரைக்கும்போது அதன் செல்கள் உடைந்து சர்க்கரை வெளிவந்துவிடுவதால், பிரிட்டனில் பழக்கூழின் சர்க்கரையையும் தவிர்க்க வேண்டியவற்றோடு சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். எனவே ‘சர்க்கரை இல்லை’ என்ற துணிச்சலில் ஒரு கோப்பை பேரீச்சம்பழத்தை அரைத்து ஊற்றும் செய்முறைகளைப் பின்பற்றாதீர்கள். கேக் என்றால் இனிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நமக்குத்தான் இருக்கிறது. முதன்முறையாகக் கேக்கைப் பார்க்கும் குழந்தைக்கு அது கிடையாது. பெரியவர்கள் ‘இனிப்பு கொஞ்சம் குறைவு’ என்று சொல்லும் கேக்தான் அந்தக் குழந்தைக்குச் சரியான கேக்.

இனி, உங்கள் கேக் ஏன் கெட்டது என்பதற்கு வருகிறேன். சர்க்கரையின் வேலை இனிப்பைத் தருவது மட்டும் என்று நினைத்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. வழக்கமான கேக்கில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைப் பரல்களின் கூரிய விளிம்புகள் வெண்ணெய்க்குள் எண்ணற்ற காற்றுக் குமிழிகளைப் புகுத்துகின்றன. கேக் உப்புவதற்கு அவையே அடித்தளம். அடுத்ததாக, சர்க்கரை தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் மாவில் குளூட்டன் (கோதுமைப் புரதம்) இழைகள் வலுவாக உருவாக விடாமல் தடுத்து, கேக்கை மென்மையாக வைக்கிறது. மூன்றாவதாக, மாவுச்சத்தும் முட்டையும் இறுகும் வெப்பநிலையை அது உயர்த்துவதால், கேக் முழுமையாக எழும்பும்வரை மாவு இளகிய நிலையிலேயே இருக்கிறது. சர்க்கரையை எடுத்துவிட்டால் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். காற்று குறையும், குளூட்டன் வலுக்கும், கேக் எழும்புவதற்கு முன்பே இறுகிவிடும்.

உங்கள் கேக்கில் இவற்றோடு வேறு இரண்டும் சேர்ந்துகொண்டன. வெண்ணெயும் இல்லாததால் மாவுத்துகள்களின் மேல் படிந்து குளூட்டனைத் தடுக்க எதுவுமே இல்லாமல் போயிற்று; ஆப்பிள் மசியலோ நிறையத் தண்ணீரையும், அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பெக்டினையும் கொண்டுவந்தது. அந்தப் பிசுபிசுப்பு வேகாத மாவு மட்டுமன்று. வெளியேற முடியாமல் தங்கிவிட்ட நீரும்கூட. தேன் சர்க்கரையைவிட விரைவில் சிவக்கும் என்பதால், உள்ளே வேகும் முன்பே மேற்பரப்பு நிறம் மாறியிருக்கும். அதைப் பார்த்து நீங்கள் கேக்கை முன்கூட்டியே வெளியே எடுத்திருக்கவும் கூடும்.

இதிலிருந்து திருத்தங்கள் தாமாகவே கிடைக்கின்றன. வெண்ணெயைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பெரியவர்களுக்கு ‘ஆரோக்கியம்’ என்றவுடன் கொழுப்பைக் குறைக்கத் தோன்றுகிறது; இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும், சிறிய வயிற்றில் போதிய ஆற்றல் சேர்வதற்கும் கொழுப்பு தேவை. உப்பில்லாத வெண்ணெய், ஆடை நீக்காத பாலின் தயிர், முட்டையின் மஞ்சள் கரு ஆகிய எதையும் இந்த வயதில் விலக்கக் காரணமில்லை. பரல்கள் இல்லாமல் வெண்ணெயை அடித்துப் பயனில்லை என்பதால், அதை உருக்கிச் சேர்த்துக்கொண்டு, காற்றை முட்டையை அடிப்பதன் மூலம் கொண்டுவரலாம். பழத்தின் ஈரத்தைக் கணக்கில் எடுத்து மற்ற திரவங்களைக் குறைக்க வேண்டும். வெப்பத்தைச் சற்றுக் குறைத்து, சிறிய டின்னில், நிதானமாக வேகவிட வேண்டும்.

மாவைப் பொறுத்தவரை, முழுக் கோதுமையில் உள்ள தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். கலந்த உடனே ஓவனில் வைத்தால் தவிடு உலர்ந்தும், சுற்றியுள்ள மாவு ஈரமாகவும் இருக்கும். பத்து நிமிடம் கலவையை அப்படியே விட்டால் இந்தக் குறை பெரிதும் நீங்கும். மாவில் கால் பங்கு அல்லது சற்றுக் கூடுதலாக ஓட்ஸைப் பொடித்துச் சேர்ப்பது எனக்குப் பிடித்த வழி. ஓட்ஸில் குளூட்டன் இழைகள் உருவாவதில்லை. கோதுமையின் வலுவையும் அது சற்றுத் தணித்துக் கேக்கை மென்மையாக்குகிறது.

நான் செய்யும் அளவைச் சொல்கிறேன். 15 செ.மீ. விட்டமுள்ள, ஆழமான ஒரு வட்ட டின்னுக்கு இது போதும். தோலில் கரும்புள்ளிகள் நிறைந்த வாழைப்பழத்தை உரித்து 180 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். காயில் உள்ள மாவுச்சத்து கனியும்போதுதான் சர்க்கரையாக மாறுகிறது. மஞ்சளாக, விறைப்பாக இருக்கும் பழத்தில் இந்தக் கேக் சப்பென்று இருக்கும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 60 கிராம், அதை ஊறவைக்க வெந்நீர் 30 மி.லி., முட்டை இரண்டு, உருக்கி ஆறவைத்த உப்பில்லாத வெண்ணெய் 80 கிராம், கெட்டித் தயிர் 50 கிராம், முழுக் கோதுமை மாவு 130 கிராம், பொடித்துச் சலித்த ஓட்ஸ் 50 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி. உப்பு வேண்டாம். வெனிலாவோ ஏலக்காய்த் தூளோ சிறிதளவு சேர்த்தால், இனிப்பைக் கூட்டாமலே இனிப்பின் உணர்வு கூடும். தேக்கரண்டி அளவுகளைத் தவிர மற்றவற்றை எடைக்கருவியில் நிறுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இல்லாத கேக் அளவுப் பிழைகளை எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை.

பேரீச்சம்பழத்தை இருபது நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரோடு சேர்த்துத் திப்பியே இல்லாதபடி அரைத்துக்கொள்ளுங்கள். ஓவனை 165 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, டின்னின் அடியில் பட்டர் பேப்பர் போட்டு வையுங்கள். உலர்ந்தவற்றை ஒன்றாகச் சலித்துத் தனியே வையுங்கள். முட்டைகளை மூன்று அல்லது நான்கு நிமிடம், வெளிறி நுரைத்து அளவில் பெருகும்வரை அடியுங்கள். இந்தக் கேக்கில் சர்க்கரைப் பரல்கள் செய்திருக்க வேண்டிய வேலையை இந்த நுரைதான் செய்கிறது என்பதால், இங்கே அவசரம் கூடாது. மசித்த வாழைப்பழம், பேரீச்சை விழுது, தயிர், வெண்ணெய் ஆகியவற்றைத் தனியே கலந்து, முட்டை நுரையில் மெல்லச் சேருங்கள். கடைசியில் மாவைக் கொட்டி, அகப்பையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டி, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத கணத்தில் நிறுத்திவிடுங்கள். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அவற்றைக் கரைக்கக் கலக்கும் ஒவ்வொரு சுற்றும் கேக்கை ரப்பருக்கு அருகில் கொண்டுபோகும்.

கலவையை டின்னில் ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு ஓவனில் ஏற்றுங்கள். நாற்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஆகலாம். நிறத்தை நம்பாமல், நடுவில் பல்குச்சியைச் செருகிப் பாருங்கள். ஈரமான மாவு ஒட்டாமல் ஓரிரு துகள்களுடன் வந்தால் கேக் வெந்துவிட்டது. வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 96 முதல் 98 டிகிரிக்குள் இருக்க வேண்டும். முழுமையாக ஆறும்வரை வெட்டாதீர்கள்: சூட்டில் வெட்டினால் பழக் கேக் எதுவும் பிசுபிசுப்பாகத்தான் தெரியும். வீட்டில் மூத்த குழந்தைகள் இருந்தால் பச்சை மாவுக்கலவையை வழித்துத் தின்ன விடாதீர்கள். முட்டை இல்லாத கலவைக்கும் இது பொருந்தும், ஏனெனில் வேகாத மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

இந்தக் கேக்கில் 40 கிராம் எடையுள்ள ஒரு துண்டில், பழங்களிலிருந்து வரும் சர்க்கரை சுமார் 4 கிராம் இருக்கும். சோடியம் சுமார் 80 மில்லிகிராம். ஒன்று முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குப் போதுமான சோடியம் 800 மில்லிகிராம் என்று அமெரிக்க அறிவியல் கழகங்கள் 2019இல் வகுத்த அளவு சொல்கிறது. உப்பே போடாவிட்டாலும் பேக்கிங் பவுடரும் சோடாவும் சோடியத்தைக் கொண்டுவருகின்றன. நன்றாக உப்பட்டும் என்று அவற்றை மனம்போல் கூட்டாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு திட உணவு தொடங்கியபின், நன்கு வெந்த முட்டையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒவ்வாமை தரும் உணவுகளைத் தாமதமாகக் கொடுத்தால் ஒவ்வாமை வராது என்ற பழைய எண்ணம் இன்று மாறிவிட்டது. லண்டனில் நடந்து 2015இல் முடிவுகள் வெளியான லீப் ஆய்வில், ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலிருந்தே நிலக்கடலையைத் தகுந்த வடிவில் கொடுத்துவந்தபோது, ஐந்து வயதில் நிலக்கடலை ஒவ்வாமை சுமார் 80 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் எந்த உணவையும் பிறந்தநாளன்று முதன்முறையாகக் கொடுக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, பருப்புக் கொட்டைகள், எள், சோயா இவற்றில் எது கேக்கில் இருக்கப்போகிறதோ அதை, சில வாரங்களுக்கு முன்பே, ஒரு நாளில் ஒன்று மட்டுமாக, காலை வேளையில், சிறிதளவு கொடுத்துப் பாருங்கள். வீடு நிறைய ஆட்களும் சத்தமும் இருக்கும் நேரத்தில், குழந்தையின் வாயோரம் தடிப்பதை யாரும் கவனிக்கமாட்டார்கள். தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி போன்றவை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். மூச்சுத் திணறலோ திடீர்ச் சோர்வோ இருந்தால் அவசர உதவியை அழைக்க வேண்டும். கடுமையான தோல் அழற்சி உள்ள குழந்தையாக இருந்தால், இந்தச் சோதனையையே மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு, ஒரு முட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம். அது கலவையைப் பிடித்துவைக்குமே தவிர, நுரையைத் தராது. அதனால் அத்தகைய கேக்கை ஒரே பெரிய டின்னில் சுடாமல், கப் கேக் அச்சுகளில் சுடுவது நல்லது. பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் வெண்ணெய்க்குப் பதில் 65 கிராம் எண்ணெயும், தயிருக்குப் பதில் இனிப்புச் சேர்க்காத சோயாத் தயிரும் போதும்.

மேல்பூச்சுக்கு, கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள் ஓர் இரவு நீர் வடியவிட்டால் போதும்; பூசுவதற்கு ஏற்ற பதத்தில் திரண்டுவிடும். சற்று அடித்த க்ரீமைச் சேர்த்தால் இன்னும் இலகுவாக இருக்கும். வழக்கமான பட்டர் ஐசிங்கில் எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரை இருப்பதால், கேக்கைவிட அதன் பூச்சை மாற்றுவதுதான் பெரிய மாற்றம். தயிர்ப்பூச்சு பொறுமைசாலி அன்று. கேக் துளி சூடாக இருந்தாலும் வழிந்துவிடும். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு பூசுங்கள். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

நிறத்துக்குச் செயற்கை வண்ணங்கள் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு செயற்கை வண்ணங்கள் சேர்ந்த உணவுகளில், அவை குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிடுவது 2010 முதல் கட்டாயம். பீட்ரூட் சாற்றில் சில துளிகளைத் தயிர்ப்பூச்சில் விட்டால் அழகிய இளஞ்சிவப்பு கிடைக்கும். அதையே கேக் மாவில் சேர்த்தால், வெப்பத்திலும் சோடாவின் காரத்தன்மையிலும் நிறம் கெட்டுப் பழுப்பாகிவிடும். தயிரின் புளிப்பு அந்த நிறத்தைக் காக்கிறது. புளூபெர்ரிச் சாறும் அப்படித்தான்: தயிரில் ஊதா, சோடா சேர்ந்த மாவில் பச்சை கலந்த சாம்பல். பீட்ரூட் தின்ற மறுநாள் டயப்பரில் சிவப்பு தெரியலாம். என் மகளுக்கு முதல்முறை அப்படி ஆனபோது நான் நடுங்கிப்போனேன். அது வெறும் பீட்ரூட் நிறம்தான் என்று தெரியவந்த பிறகே மூச்சு வந்தது. நீங்கள் முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

அலங்காரத்தில் ஒரே கேள்விதான் முக்கியம்: குழந்தையின் மூச்சுக்குழாயில் இது சிக்குமா? முழுப் பருப்புகள், உலர்திராட்சை, முத்து வடிவ மிட்டாய்கள், பச்சையான கேரட் அல்லது ஆப்பிள் துண்டுகள், முழுத் திராட்சை எதுவும் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். புளூபெர்ரியை நசுக்க வேண்டும். மினுமினுப்புத் தூள்களின் உறையில் ‘நச்சற்றது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்ணத்தக்கது என்று பொருளாகாது. செருகும் பொம்மைகளையும் மெழுகுவர்த்தியையும் குழந்தைக்கு எட்டாத பெரியவர்களின் கேக்கில் வையுங்கள்.

துண்டை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, ஒருவர் அருகிலேயே இருக்கட்டும். தூங்கி எழுந்து, ஆனால் பசி முற்றாத நேரமே நல்லது. சர்க்கரை நீரைப் பிடித்துவைப்பதால்தான் வழக்கமான கேக் சில நாட்கள் கெடாமல் இருக்கிறது. தயிர்ப்பூச்சு பூசாத இந்தக் கேக் வெளியில் ஒரு நாளும், ஃப்ரிட்ஜில் மூன்று நாளும்தான் தாங்கும். பூச்சு இல்லாமல் துண்டுகளாக்கி, காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம்வரை இருக்கும். எனவே, ஒத்திகைக் கேக்கை மறுபடியும் இந்த வாரமே செய்து பாருங்கள். மிச்சத்தை உறையவைத்து, பிறந்தநாளுக்கு முன்பே குழந்தைக்கு ஒரு துண்டு கொடுத்துப் பழக்கிவிடலாம்.